ராஜத்துரோகப் பிரிவு நீங்கிய பிறகும் ஏன் கைதுகள்?

"ராஜத்துரோகச் சட்டத்தைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு அரசை எதிர்த்துப் பேசியவர்களை எந்தச் சட்டத்தில் பிடிக்கிறார்கள்? எதைப் பேசினால் குற்றம், எதைப் பேசினால் குற்றமில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பிரிவின் பெயர் போயிற்று, எண் மாறியது, தண்டனை கூடியது. அது போக, அந்தப் பிரிவின் துணையே தேவைப்படாத வேறு சட்டங்கள் அரசின் கையில் ஏற்கெனவே இருந்தன, இன்றும் இருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கான விடை தீர்ப்புகளில் தெளிவாகவே கிடைக்கிறது. அரசையும் அமைச்சர்களையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சாடலாம். வன்முறையைத் தூண்டக் கூடாது. ஆனால் இந்த விடையை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. பேச்சு எந்த வகையில் சேரும் என்பதை நீதிமன்றம் விசாரணையின் முடிவில்தான் தீர்மானிக்கும். கைது ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் காலம்தான் உண்மையான தண்டனை. அதனால் எந்தப் பாதுகாப்புச் சட்டத்தையும் நான் பின்பக்கத்திலிருந்து படிப்பதுதான் வழக்கம். எது குற்றம் என்பதை முன்பகுதி சொல்லும். உங்களை எவ்வளவு காலம் உள்ளே வைக்கலாம் என்பதைப் பின்னால் இருக்கும் ஜாமீன் விதி சொல்லும்.

வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், காரணம் இருக்கிறது. 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகப் பிரிவே கிடையாது. மெக்காலே 1837இல் எழுதிய வரைவில் இருந்தது; இறுதி வடிவத்தில் விடுபட்டது. 1870இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் அதை 124ஏ என்று சேர்த்தார். அரசின் மீது 'அதிருப்தி'யைத் தூண்டுவது குற்றமாயிற்று. அதிருப்தி என்றால் என்ன? 1897இல் பம்பாயில் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்கு விளக்கம் சொன்னார்: அன்பு இல்லாமையே அதிருப்தி. ஆக, அரசை நேசிக்கத் தவறினாலே போதும். திலகருக்கு 18 மாதச் சிறை. அந்த விளக்கமும் போதவில்லை என்று அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, வெறுப்பையும் அவமதிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். 1922இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி, அன்பைச் சட்டம் போட்டு உற்பத்தி செய்ய முடியாது என்று சொன்னது இந்த விளக்கத்துக்கான பதில்தான். சொல்லிவிட்டு ஆறு ஆண்டுத் தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

நம் ஊர் உதாரணம் இன்னும் பொருத்தமானது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று திருநெல்வேலியில் சிறைக்குப் போனபோது, அவர்கள் மீது முதலில் பாய்ந்தது ராஜத்துரோகப் பிரிவு அல்ல. நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் நடவடிக்கையில்தான் உள்ளே வைத்தார்கள். மறுநாள் ஊரே கொந்தளித்தது. ராஜத்துரோக வழக்கு பின்னால் வந்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே, ராஜத்துரோகத்துக்கு ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று என்று வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. செக்கிழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்த வரிசையை மட்டும் கவனியுங்கள்: காவல் முதலில், குற்றம் பிறகு. சட்டங்களின் பெயர்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன. இந்த வரிசை மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரசியமான பகுதி. அரசியல் நிர்ணய சபையில், பேச்சுரிமைக்கு விதிவிலக்காக ராஜத்துரோகத்தை வைக்கும் வரைவு இருந்தது. கே.எம். முன்ஷி முன்னின்று அதை நீக்கினார். ஆக 1950 அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் ராஜத்துரோகம் இல்லை. தண்டனைச் சட்டத்தில் மட்டும் 124ஏ அப்படியே கிடந்தது. பஞ்சாப், அலகாபாத் உயர் நீதிமன்றங்கள் அது செல்லாது என்றே சொல்லிவிட்டன. 1951இல் முதல் திருத்தத்தின்போது, அந்தப் பிரிவு அருவருக்கத்தக்கது, எவ்வளவு சீக்கிரம் ஒழிகிறதோ அவ்வளவு நல்லது என்ற கருத்தை நேரு நாடாளுமன்றத்திலேயே வெளியிட்டார். ஒழிக்கவில்லை. அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் அவர் பிரதமராக இருந்தார்.

1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் பிரிவைக் காப்பாற்றி, பல்லைப் பிடுங்கினார்கள். வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ தூண்டும் நோக்கமோ இயல்போ இருந்தால்தான் குற்றம். வெறும் கண்டனம் குற்றமில்லை. இதைப் பேச்சுரிமையின் வெற்றி என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். கேதார்நாத்துக்கு என்ன ஆயிற்று என்பதை யாரும் சொல்வதில்லை. பீகாரில் ஒரு கூட்டத்தில் சி.ஐ.டி. போலீசாரை நாய்கள் என்றும் காங்கிரஸ்காரர்களைக் குண்டர்கள் என்றும் ஏசிப் புரட்சி வரும் என்று பேசியவர் அவர். அவருடைய மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. தண்டனை நிலைத்தது. விதியை எவ்வளவு அழகாக எழுதினாலும் அதை ஒரு ஆளுக்குப் பொருத்தும்போது என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

அடுத்த ஆண்டு நடந்ததைத் தமிழ் வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 'இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு' என்ற காரணத்தைக் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பது 1950இல் கிடையாது. 1963இன் 16ஆவது திருத்தம்தான் அதைச் சேர்த்தது. யாரை மனத்தில் வைத்து? திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வை. தேசிய ஒருமைப்பாடு குறித்து சி.பி. ராமசாமி ஐயர் தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்தது; மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசினார்; தேர்தலில் நிற்பவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆனது; கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. இந்தத் திருத்தத்தின் தோள்மீது ஏறித்தான் 1967 டிசம்பரில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், அதாவது இன்று நாம் ஊபா என்கிற சட்டம், வந்தது. அன்று அது அமைப்புகளைத் தடை செய்வதற்கான சிறிய சட்டம். பயங்கரவாதம் என்ற பேச்சே அதில் இல்லை.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. வெள்ளையர் காலத்தில் 124ஏ வழக்கில் கைது செய்ய வாரண்ட் வேண்டும். 1973இன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை வாரண்ட் இல்லாமல் போலீசார் கைது செய்யக்கூடிய குற்றமாக மாற்றியது. ஸ்டீஃபனும் ஸ்ட்ரேச்சியும் கொடுக்காத அதிகாரத்தைச் சுதந்திர இந்தியா ஒரு சப் இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தது. கேதார்நாத் தீர்ப்பு நீதிமன்றத்தில் பூட்டிய கதவைக் காவல் நிலையத்தில் திறந்துவிட்டது இந்த மாற்றம்.

விளைவைப் பாருங்கள். மத்திய உள்துறை வெளியிட்ட கணக்குப்படி 2014 முதல் 2019 வரை நாடு முழுக்க 326 ராஜத்துரோக வழக்குகள். குற்றப்பத்திரிகை தாக்கலானது 141இல். தண்டனை பெற்றவர்கள் ஆறு பேர். தண்டனை வாங்கித் தரத்தான் இந்த வழக்குகளைப் போட்டார்கள் என்றால் இதைவிடத் தோற்றுப்போன பிரிவு இருக்க முடியாது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளைத் தூக்கவும், பாஸ்போர்ட்டை முடக்கவும், வாய்தாவுக்கு அலையவைக்கவும், பக்கத்தில் நிற்பவரைப் பயமுறுத்தவும் அது நன்றாகவே வேலை செய்தது.

தமிழ்நாட்டில் நடந்தவை நினைவிருக்கும். கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரைப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது இதே பிரிவு பாய்ந்தது. 2013 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே, வழக்குகளைத் திரும்பப் பெற முயலுங்கள் என்று அரசுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 2015 அக்டோபரில் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காகப் பாடகர் கோவன் கைதானார். டாஸ்மாக் மீது அன்பில்லாமை. ஸ்ட்ரேச்சி கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். 2009இல் ஈழப் பிரச்சினை பற்றி ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பேசிய பேச்சுக்காக வைகோவுக்கு 2019 ஜூலையில் ஓராண்டுச் சிறையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. பேச்சுக்கும் தீர்ப்புக்கும் இடையே பத்தாண்டு. இந்த மூன்றையும் ஒரே கட்சி ஆட்சியில் நடந்ததாக நினைக்காதீர்கள். 2009இல் ஆண்டது தி.மு.க., மற்ற இரண்டின்போதும் அ.தி.மு.க. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது கருப்புச் சட்டமாகத் தெரிவது ஆட்சிக்கு வந்ததும் சட்டம் ஒழுங்காகத் தெரிகிறது.

2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 124ஏயின் கீழ் புதிதாக வழக்குப் பதிய மாட்டார்கள் என்று எதிர்பார்ப்பதாகவும், நிலுவையில் உள்ளவை அப்படியே நிற்கட்டும் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு சட்ட ஆணையம் தன் 279ஆவது அறிக்கையில் பிரிவை வைத்துக்கொள்ளலாம், தண்டனையைக் கூட்டலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் ராஜத்துரோகம் என்ற பெயர் இல்லை. 152ஆவது பிரிவு இருக்கிறது.

152 என்ன சொல்கிறது? பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ மின்னணுத் தொடர்பாலோ பணத்தாலோ, பிரிவினையை, ஆயுதக் கிளர்ச்சியை, நாசவேலையைத் தூண்டினால், பிரிவினை உணர்வுகளை ஊக்குவித்தால், இறையாண்மைக்கோ ஒற்றுமைக்கோ ஒருமைப்பாட்டுக்கோ ஆபத்து விளைவித்தால் குற்றம். 'அரசு' போய் 'நாடு' வந்துவிட்டது என்று இதைப் பெரிய முன்னேற்றமாகச் சொன்னார்கள். ஓரளவு உண்மைதான்: முதலமைச்சரைத் திட்டிய பாட்டுக்கு இனி இந்தப் பிரிவைப் பொருத்துவது கடினம். அறிந்தோ வேண்டுமென்றோ செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மறுபக்கம், 124ஏயில் ஆயுள் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது வெறும் அபராதம்கூடப் போதும். 152இல் ஆயுள் அல்லது ஏழாண்டு வரை சிறை, அபராதம் கட்டாயம். 'நாசவேலை' என்பதற்கோ 'பிரிவினை உணர்வு' என்பதற்கோ விளக்கம் கிடையாது. மாநில உரிமை பற்றிய காரசாரமான பேச்சு எங்கே முடிகிறது, பிரிவினை உணர்வு எங்கே தொடங்குகிறது? 1963ஐ அறிந்த தமிழனுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. கேதார்நாத் தீர்ப்பின் வரம்பு 152க்கும் பொருந்துமா என்பதை உச்ச நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் 124ஏ வழக்கையே கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பிவைத்தது.

இனி ஊபா. 1985இன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா 1995இல் காலாவதி ஆயிற்று. 2002இல் அதே வகையில் பொடா வந்தது, 2004இல் ரத்தானது. பொடாவில் வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்த வைகோவின் கட்சியும், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் இருந்ததுதான். பொடா ரத்தானபோதே அதன் பயங்கரவாத அத்தியாயங்களை ஊபாவுக்குள் ஏற்றிவிட்டார்கள். தடாவும் பொடாவும் காலக்கெடுவுள்ள தற்காலிகச் சட்டங்கள். ஊபாவுக்குக் காலக்கெடு கிடையாது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் 43டி என்ற பிரிவு சேர்ந்தது. நான் முன்பு சொன்ன பின்பக்கம் இதுதான்.

சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. ஊபாவில் இதை 180 நாள் வரை நீட்டலாம். அதன் பிறகும், போலீஸ் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப இடமிருந்தால் நீதிமன்றம் ஜாமீன் தரக் கூடாது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கட்டத்தில் சாட்சியத்தைத் துருவி ஆராயக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. போலீசார் எழுதியதை நம்பு, ஆராயாதே, நம்பினால் ஜாமீன் கொடுக்காதே. இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். 2021இல் நஜீப் வழக்கு ஒரு சிறு வாசலைத் திறந்தது: விசாரணை முடிவில்லாமல் இழுத்தால், உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இந்தத் தடையை மீறி ஜாமீன் தரலாம். அந்த வாசல் வரை நடக்க ஆண்டுகள் ஆகும். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்கண்ட் பழங்குடியினரோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமிக்கு அத்தனை காலம் கிடைக்கவில்லை. பார்க்கின்சன் நோயோடு 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். டெல்லிப் பேராசிரியர் சாய்பாபா 2014இல் கைதாகி, 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகி, அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார்.

வழக்கறிஞர்களே சில சமயம் கோட்டைவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஊபாவின் ஜாமீன் தடை எல்லாக் குற்றங்களுக்கும் கிடையாது. 13ஆவது பிரிவு, அதாவது சட்டவிரோதச் செயல், நாட்டுக்கு எதிராக அதிருப்தியை உண்டாக்குவதையும் உள்ளடக்குகிறது. ஸ்டீஃபனின் 'அதிருப்தி' இன்றும் குடியிருக்கும் வீடு அதுதான். அதற்கு 43டியின் ஜாமீன் தடை பொருந்தாது. பயங்கரவாதம், தடை செய்யப்பட்ட பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு போன்ற அத்தியாயங்களுக்குத்தான் பொருந்தும். அதனால்தான் பேச்சு வழக்குகளில் 13ஓடு நிறுத்தாமல் அந்த அத்தியாயங்களில் இருக்கும் ஒரு பிரிவையும் சேர்த்து எழுதுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் எந்த எண் இருக்கிறது என்பதே ஜாமீன் வாரத்திலா வருடத்திலா என்பதைத் தீர்மானிக்கும்.

குற்றமே தேவைப்படாத இன்னொரு வகையும் இருக்கிறது: தடுப்புக் காவல். அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவே அதை அனுமதிக்கிறது. நெருக்கடி நிலையின்போது தி.மு.க. தலைவர்களை அடைத்தது மிசா என்ற தடுப்புக் காவல் சட்டம். ராஜத்துரோகப் பிரிவை யாரும் தேடவில்லை. இன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைவிட அதிகம் புழங்குவது 1982இன் குண்டர் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், குண்டர்கள், நில அபகரிப்பாளர்களுக்காக என்று சொல்லி எழுதிய சட்டம். மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வரை உள்ளே. காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. 2017 மே மாதம் மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப்போன திருமுருகன் காந்தி இதில் அடைக்கப்பட்டார். அதே ஆண்டு சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவியும். இருவரின் காவலையும் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜெயித்தார்கள் என்றுதான் ஆவணம் சொல்லும். உள்ளே கழிந்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை, உத்தரவு போட்ட அதிகாரிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்படி ரத்தாகும் என்று தெரிந்தேதான் பல உத்தரவுகள் போடப்படுகின்றன என்பது என் முடிவு.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? முதல் தற்காப்பு ரிமாண்ட் கட்டத்தில், அதாவது கைதானவரைக் காவலில் வைக்கலாமா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்யும் கட்டத்தில், இருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் போலீசார் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுபவர் அல்ல. காவல் தேவையில்லை என்றால் மறுக்கலாம். 2018 அக்டோபரில் ஆளுநர் பற்றிய செய்திக்காக நக்கீரன் கோபாலைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்து 124ஆவது பிரிவில் கொண்டுவந்தார்கள். இது 124ஏ அல்ல. ஆளுநரைத் தாக்கியோ பலவந்தப்படுத்தியோ கடமை செய்யவிடாமல் தடுப்பது பற்றிய பிரிவு. அச்சில் வந்த கட்டுரை எப்படித் தாக்குதலாகும் என்று எழும்பூர் நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார். அன்றே அவர் வெளியே வந்தார். அந்த நேரத்தில் வாதாட ஓர் ஆள் இல்லையென்றால் அதே தாள் பல வாரச் சிறையாகியிருக்கும்.

அடுத்து, கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். 2024 மே மாதம் நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை உச்ச நீதிமன்றம் விடுவித்தது இந்த ஒரே அடிப்படையில். அதுவும் ஊபா வழக்கில். மூன்றாவது, அரசுக்கு எதிரான குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். கைதுக்கு அது வேண்டாம் என்பதால் போலீசார் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுண்டு. குற்றப்பத்திரிகை வந்ததும் முதலில் அந்த அனுமதி உத்தரவையும் அதன் தேதியையும் பாருங்கள்.

குண்டர் சட்டம் என்றால் வழி வேறு. காவல் உத்தரவின் நகலும் ஆவணக் கட்டும், காவலில் இருப்பவருக்குப் புரியும் மொழியில், கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும், மொழிபெயர்ப்பு பிழைத்தாலும், ஏற்கெனவே சிறையில் இருப்பவர் ஜாமீனில் வெளிவரக்கூடும் என்று அதிகாரி சொல்வதற்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் உத்தரவு உடையும். 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடைசிக் காரணத்துக்காகத் தமிழ்நாட்டுக் காவல் உத்தரவு ஒன்றை ரத்து செய்தது. உத்தரவு கைக்கு வந்த உடனேயே அரசுக்கு முறையீட்டு மனு அனுப்புங்கள், அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதைப் பரிசீலிக்க அரசு எத்தனை நாள் தாமதித்தது என்ற கணக்கைத்தான் ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் முதலில் கேட்கும்.